பிடித்து விட்டுவிட்டால் பாவமில்லையா?

மீனைப் பிடிக்கிறோம், கொல்லவில்லை, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறோம். இதில் என்ன தப்பு? தூண்டில் போடும் நண்பர்களிடம் கேட்டால் வருகிற பதில் இதுதான். நானும் தூண்டில்காரன்தான். பிரிக்பீல்ட்ஸில் என் அறைச் சுவரோரம் ஏழு கோல்கள் நிற்கின்றன. நான்கு நானே கட்டியவை. அதனால் இது கரையில் நின்று செய்கிற உபதேசம் இல்லை.

என்னுடையது பிளை ஃபிஷிங். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. கனம் நூலில்தான். கோலை முன்னும் பின்னும் வீசினால் நூல் சாட்டை மாதிரி விரிந்து பூச்சியைக் கொண்டுபோய் வைக்கும். நூலின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்று பார்த்து எண் கொடுப்பார்கள். ஐந்தாம் எண் 9 கிராம் சொச்சம், ஒன்றாம் எண் 4 கிராம்கூட வராது. கோலும் அதற்கேற்ற மெலிவு.

கோல் கட்டுவது பொறுமைக்கு நல்ல பயிற்சி. கார்பன் நாரில் செய்த வெறுங்கோலை வாங்கி, தக்கை வளையங்களை ஒட்டித் தேய்த்துக் கைப்பிடி செய்யணும். நூல் ஓடும் கம்பி வளையங்களை இழைமேல் இழை ஏறாமல் சுற்றிக் கட்டணும். மேலே பூசிய எபோக்சி ஒரு பக்கமாக வழியாமல் இருக்க, சின்ன மோட்டாரில் மாட்டி மணிக்கணக்கில் மெல்லச் சுழல விடணும். எடை குறைக்கிற பைத்தியம் பிடித்துவிட்டால் இரண்டு கால் வளையத்துக்குப் பதில் ஒற்றைக்கால் வளையம் போடுவோம். கட்டும் நூலிலும் பூச்சிலும் கொஞ்சம் மிச்சமாகும். மூங்கில் கோல் சேகரிப்பவர்கள் தனி ரகம். சீனாவின் குவாங்டோங்கில் விளையும் மூங்கிலை ஆறு முக்கோணச் சிம்புகளாகச் சீவி ஒட்டிய பழைய கோலுக்கு அவர்கள் கொடுக்கும் விலையை வீட்டில் சொல்ல முடியாது!

இவ்வளவு மெலிவு எதற்கு? எங்களுக்குள் ஒரு பாராட்டு வாக்கியம் உண்டு: “மீனோட ஒவ்வொரு துடிப்பும் கைக்குத் தெரியும்.” உள்ளங்கை அகலத் திலாப்பியாகூட மெல்லிய கோலில் பெரிய மீன் மாதிரி இழுக்கும். அந்த வாக்கியத்தை நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். நாங்கள் காசு கொடுத்து வாங்குவது எதை? ஓர் உயிர் தப்பிக்கத் துடிக்கும் துடிப்பை. மெல்லிய கோல் சாதுவாகத் தெரிகிறது. ஆனால் பெரிய மீன் மாட்டினால் அதால் அழுத்திப் பிடிக்க முடியாது, போராட்டம் நீளும். 10 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் காசு கட்டிப் பிடிக்கும் குளங்களில் களைத்துப்போன மீன் எதை வைத்து மூச்சு வாங்கும்? விட்டதும் நீந்திப் போவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். பிறகு என்ன ஆகிறதென்று யாரும் பார்ப்பதில்லை.

2003இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் வலி தரும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். விடுவதற்காகவே பிடிப்பதை சுவிட்சர்லாந்து 2009லிருந்து தடை செய்திருக்கிறது. சாப்பிடப் பிடிக்கலாம், விளையாட்டுக்குப் பிடிக்கக் கூடாது. கேட்க விசித்திரமாக இருக்கும். கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பா, கைத்தூண்டிலும் குழம்புச் சட்டியுமாக வாழ்ந்தவர், இதைத்தான் வேறு மாதிரி கேட்டார்: “திங்காத மீன ஏன்டா இம்சை பண்ற?” வள்ளுவரும் ‘கொல்லாமை’யோடு நிறுத்தவில்லை. அதற்கு முன்னாலேயே ‘இன்னா செய்யாமை’ என்று தனி அதிகாரம் வைத்தார். கொல்லவில்லை என்பது ஒரு கேள்விக்கான பதில்; துன்புறுத்தினாயா என்பது இன்னொரு கேள்வி.

விடுவதிலும் பெருமை உண்டு, நம்மிடமே கதை இருக்கிறது. நாகப்பட்டினத்து மீனவர் தலைவர் அதிபத்த நாயனார், முதலில் அகப்படும் மீனை ஈசனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரே மீன்தான் கிடைத்தது. வீடே பசியில் வாடியபோதும் அதையும் விட்டார். கடைசியில் மணிகள் பதித்த பொன்மீன் வந்தது. அதையும் விட்டார் என்கிறது பெரியபுராணம். அவர் விட்டது தனக்கு வேண்டியதை. நாங்கள் விடுவது எங்களுக்கு வேண்டாததை. வேண்டியது அந்தத் துடிப்பு. அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டோம். இதைத் தியாகம் என்று சொன்னால் நாயனார் சிரிப்பார்.

கெலா போன்ற ஆற்று மீன்கள் குறைந்துவரும் நாட்டில், கொண்டுபோவதைவிட விட்டுவிடுவது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆற்றுக்காகக் குரல் கொடுப்பவர்களில் தூண்டில்காரர்களும் உண்டு. ஆனால் தாமான் நெகாராவில் தகான் ஆற்றின் லுபோக் தெனோருக்குப் போய்ப் பாருங்கள். அங்கே தூண்டிலுக்கு அனுமதி இல்லை. தண்ணீரில் இறங்கி நின்றால் கெலா கூட்டமாக வந்து கையிலிருந்தே தீனி வாங்கித் தின்னும். மீன் கைக்கு வருகிற சந்தோஷத்துக்கு முள் அவசியமில்லை.

கோல் கட்டுவதை நான் விடப்போவதில்லை. அந்த வேலையில் யாருக்கும் வலி இல்லை. மெல்லிய கோல்களை மாலையில் திடலுக்கு எடுத்துப்போகிறேன். நூல் நுனியில் முள் இல்லை, ஒரு துணுக்குக் கம்பளி நூல் மட்டும். புல்லில் வைத்த தட்டைக் குறிபார்த்து வீசினால் நேரம் போவதே தெரியாது, பந்து விளையாட வரும் பிள்ளைகள்தான் “மீன் எங்க அண்ணே?” என்று கேட்டுக் கலாய்க்கிறார்கள். தண்ணீருக்குப் போவது இப்போது வீட்டில் குழம்பு வைக்கிற நாளில் மட்டும். அதற்காக மேசையில் ஒரு கோல் பாதி கட்டியபடி இருக்கிறது. எட்டாம் எண், தடிமனானது, மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவரும். கையில் எடுத்துப் பார்த்த நண்பன், “என்னடா இது, உலக்கை மாதிரி இருக்கு?” என்றான்.