தீப்பொறியும் நியதியும்

திருவிழா இரவில் வாணம் மேலேறி வெடிக்கும்போது பெருங்கூட்டம் ஒரே குரலில் ஆர்ப்பரிக்கிறது. எந்தப் பொறி எத்திசையில் தெறிக்கும் என்பதை அவ்வாணத்தைச் செய்த சிவகாசித் தொழிலாளியாலும் சொல்ல இயலாது. ஆயினும் ஸ்ட்ரான்சியம் உப்பு சேர்ந்தது செந்நிறமாகவும், சோடியம் சேர்ந்தது மஞ்சளாகவும், செம்பு சேர்ந்தது நீலமாகவுமே எரியும். இன்னும் ஒரு வியப்பு உண்டு. சிதறிய துண்டுகள் அத்தனையின் பொருண்மை மையம், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், வெடியாத வாணம் சென்றிருக்கக்கூடிய பாதையிலேயே சென்றுகொண்டிருக்கும். தனிப் பொறியிடம் காணாத ஒழுங்கு, பொறிகளின் கூட்டத்தில் இருக்கிறது.

உலகம் நியதியால் இயங்குவதா, தற்செயலால் இயங்குவதா? சுவேதாசுவதர உபநிடதம் தன் தொடக்கத்திலேயே, உலகக் காரணமாக எண்ணப்படுவனவற்றுள் நியதியையும் யதிருச்சை என்னும் தற்செயலையும் ஒருங்கே நிறுத்தி ஆராய்கிறது. அணுவியலும் அதே வாயிலில்தான் வந்து நின்றது. ரேடியத்தின் ஓர் அணு இன்று சிதையுமா, ஆயிரம் ஆண்டு கழித்துச் சிதையுமா என்பதை முன்னறிய வழியில்லை. ஆனால் ஒரு கட்டி ரேடியத்தில் பாதி, ஏறத்தாழ 1,600 ஆண்டுகளில் சிதைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இத்தகைய தற்செயலை இயற்கையின் அடிப்படையாக ஏற்க ஐன்ஸ்டீன் இறுதிவரை இசையவில்லை. 2022இல் நோபல் பரிசு பெற்ற சோதனைகளோ, அவர் விரும்பிய எளிய வழியில் அதனை விலக்க முடியாதென்று காட்டின.

நம் முன்னோர் இதனைக் கதையாகவே அறிந்திருந்தனர். சூதாட்டத்தில் நாடிழந்த நளன், இருதுபன்னனுக்குத் தேரோட்டிச் செல்கையில், வழியிலிருந்த தான்றி மரத்தின் இலையையும் காயையும் எண்ணாமலே அம்மன்னன் கணக்கிட்டுரைத்தான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தான், கணக்குப் பிசகவில்லை. அந்த வித்தையே சூதின் நுட்பமும் ஆகும் என்று மன்னன் அதனை அவனுக்குக் கற்பித்தான். அதனைக் கற்ற அளவில் கலி நளனை விட்டு நீங்கினான் என்று பாரதம் கூறுவது கருதத்தக்கது. நளன் கற்றது தற்செயலை ஒழிக்கும் மந்திரம் அன்று, அதன் கணக்கு.

விருதுநகர் மாவட்டத்தில் இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று. மழை பொய்த்த கரிசல் மண்ணில் பிழைப்புக்கு வழி தேடி, 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். பட்டாசு அதனைத் தொடர்ந்தது. அத்தொழில் இலட்சக்கணக்கானோருக்குச் சோறிட்டது, உயிரும் வாங்கியது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளத்தில் 20 பேருக்குமேல் மாண்டனர். இத்தகைய துயரின்போதெல்லாம் எழும் சொல் ‘விதி’ என்பதே.

அச்சொல்லில் பாதி உண்மை உண்டு. எந்த உராய்வு எந்த நொடியில் பற்றும், அவ்வேளை அங்கு அமர்ந்திருப்பவர் யார் என்பதை எவரும் அறியார். ஆனால் 4 பேருக்கு அளந்த அறையில் 10 பேரை இருத்தி, மருந்துக் கலவையைக் குவித்து வைத்து, இவ்வாறே பல அறைகளில் பல நாள் நடத்தினால் ஓர் அறை என்றேனும் எரியும். எரிவது எந்த அறை என்பது மட்டுமே தற்செயல். அந்த ஓர் அறையின் பெயரைச் சொல்ல முடியாமையையே பலரும் விதி என்கின்றனர்.

பிரம்ம சூத்திரம் படைப்பை இறைவனின் லீலை என்கிறது. லீலை என்றதும் மனம்போன போக்கு எனக் கொள்வாரும் உளர். அடுத்த சூத்திரமோ, அவனுக்குப் பாரபட்சமும் இல்லை, கொடுமையும் இல்லை என நிறுவுகிறது. உயிர்களின் ஏற்றத்தாழ்வுக்கு அவரவர் கருமமே காரணம் என்று இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் விரித்துரைக்கிறார். அங்ஙனமாயின் மாண்டவர் தம் வினையாலன்றோ மாண்டனர் எனச் சிலர் வினவக்கூடும். இது கொடிய வினா. கருமம் என்பது ஒருவன் தன் செயலை நோக்கிக் கேட்க வேண்டிய கணக்கு. அடுத்தவன் சாம்பலை நோக்கிப் படிக்கும் ஏடு அன்று. அறையில் ஆளை நெருக்கியவனும் ஒரு கருமம் செய்தவனே. அவனை விடுத்து, கூலிக்குச் சென்றவளின் முற்பிறவியை ஆராய்வது எவ்வகை வேதாந்தம்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் வடத்தைப் பல்லாயிரம் கைகள் பற்றுகின்றன. ஒரு கை இழுப்பதுபோல் மறு கை இழுப்பதில்லை. சிலர் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பர். தேர் தெருவை விட்டு விலகாதபடி காப்பவர், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடும் சிலர். அவர்கள் கூட்டத்தைப் பார்ப்பதில்லை, சக்கரத்தையே பார்க்கின்றனர். பட்டாசு அறையில் முட்டுக்கட்டையாவன மிக எளியவை: இரும்புக் கருவிக்கு மாற்றாகப் பித்தளையும் மரமும், அறைக்கு 4 பேர் என்னும் அளவு, வெயில் ஏறுமுன் முடியும் மருந்துக் கலப்பு, மாலையில் எஞ்சிய கலவையை இரவுக்கு வைத்திராமல் அன்றன்றே அழித்துவிடல்.