தேயும் மதியும் சூடிய பெருமானும்

திருச்சிற்றம்பலம்



நம் சமயத்தார் தத்தம் இல்லங்களிற் கைக்கொள்ளும் நோன்புகளுட் பெரும்பாலன திங்களின் வளர்ச்சி தேய்வுகளைப் பற்றியே அமைந்துள்ளன. பிரதோஷம், சிவராத்திரி, சதுர்த்தி, சஷ்டி, அமாவாசைத் தர்ப்பணம், பௌர்ணமி வழிபாடு ஆகிய அனைத்தும் திதி நோக்கி வருவன. தைப்பூசம், மாசிமகம், வைகாசி விசாகம் முதலிய திருநாள்களோ மதி நிறையும் நாளை ஒட்டி, அஃது அப்பொழுது நிற்கும் நாண்மீனின் பெயரால் வழங்குவன. மாதத்தை ஞாயிற்றின் செலவால் வகுத்த தமிழ் மக்கள் நோன்பிற்கு மட்டும் மதியை அளவாகக் கொண்டது என்னை? இவ்வினா நெடுநாளாக எம் உள்ளத்தே கிடந்தது. இதனை இப்பொழுது எழுதத் தூண்டியது ஓர் அன்பர் எம்மை வினவிய வேறொரு வினா.

அவ்வன்பர் எம்மூர்த் திருக்கோயிலில் 12 ஆண்டுகளாக வளர்பிறை தேய்பிறை இரண்டினும் பிரதோஷ விரதம் வழுவாது காத்தவர். பகலெல்லாம் உணவின்றியிருந்து, மாலையில் அபிடேகத்திற்குப் பசும்பால் கொண்டுவந்து, கோமுகையைக் கடவாது சென்று மீளும் சோமசூத்திரப் பிரதட்சிணம் செய்து, இறுதியில் தம் மகனார் பெயரும் நட்சத்திரமும் கூறி அருச்சனை செய்வித்துத் திருநீறு பெற்றுச் செல்வது அவர் வழக்கம். அம்மகனார் சென்ற ஆண்டு நோயுற்று, 26 வயதில் இறைவனடி சேர்ந்தார். சில திங்கள் கழித்து எம்மைக் காண வந்த அன்பர் நெடும்பொழுது வாய் திறவாதிருந்தார். பின்னர், "ஐயா, வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் நாள் மாறி வந்தபோது நான் தவறான நாளிலே இருந்துவிட்டேனோ? எங்கே குறை வைத்தேன்? இனி இந்த விரதத்தை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?" என்றார். யாம் அப்பொழுது விடை கூறவில்லை. கூறத்தக்க சொல் எம்பால் இல்லை என்பதே உண்மை. யாம் பின்னர் எண்ணியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் அவர் அஞ்சிய நாட்பிழையை நோக்குவாம். மதியானது ஞாயிற்றை விட்டுப் பன்னிரண்டு பாகை விலகுதற்குச் செல்லுங் காலமே ஒரு திதி. அவ்வாறு 30 திதிகள் கழிய 360 பாகை நிரம்பி ஒரு சாந்திரமாதம் முடியும். அஃது ஏறக்குறைய 29½ நாள். மதியின் ஓட்டம் என்றும் ஒருபடித்தன்று. நிலவுலகை அணுகுங்கால் விரைந்தும், அகலுங்கால் தாழ்த்தும் செல்வதாகலின், ஒரு திதி சிலபொழுது 20 மணி அளவிலும், சிலபொழுது 26 மணிக்கு மேலும் நீடிக்கும். பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிப்பார்க்கும், காட்சியோடு ஒப்பிட்டுத் திருத்திய கணிதங் கொள்வார்க்கும் நாழிகைக் கணக்கில் வேற்றுமை தோன்றுவது இதனாலேயாம். திரயோதசி கூடிய மாலையில், ஞாயிறு மறைதற்கு முன் 3¾ நாழிகையும் பின் 3¾ நாழிகையும் பிரதோஷ காலம் எனக் கொள்வது வழக்கு. தத்தம் திருக்கோயிலில் எந்நாளிற் பூசை நிகழ்கின்றதோ அந்நாளைக் கொள்ளுதலே அடியார்க்கு அமையும். கணக்கர் இருவர் மாறுபட்டதற்கு நோற்றவன் மகவைப் பறிக்குங் கடவுளை நம் ஆசிரியர் ஒருவரும் நமக்குக் காட்டிற்றிலர்.

நாளும் கோளும் அடியாரை நலியும் என்னும் அச்சம் பழைமையானது. திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட ஆளுடைய பிள்ளையாரைக் கோள்நிலை நன்றன்று எனக் கூறித் தடுக்க முற்பட்டவர் வேறு யாருமல்லர், அப்பர் பெருமானே. சமணர் கையில் தாம் பட்ட துன்பம் அக்குழந்தையைத் தொடருமோ என்னும் அன்பினால் எழுந்த அச்சம் அது. அதற்கு விடையாகவே கோளறு பதிகம் எழுந்தது. திங்கள் முதலாய கோள்கள் எல்லாம் அடியார்க்கு நல்லனவே என்பது அதன் துணிவு. திங்களை அஞ்சி நோற்பது நம் நெறியன்று என்பது இதனால் விளங்கும். திங்களை அளவாகக் கொண்டு சிவனை நோக்குவதே நம் நெறி.

1969ஆம் ஆண்டில் மாந்தர் அம்மதியில் இறங்கிக் கல்லும் மண்ணும் எடுத்துவந்த பின்னர், அதனைப் பார்த்து நோன்பிருப்பது எற்றுக்கு என இளைஞர் சிலர் எம்மை வினவியதுண்டு. கல்லென்று அறிந்ததனால் நமக்கு இழப்பொன்றுமில்லை. அதற்குத் தனக்கென ஒளியில்லை என்பதை நம் நூலோரும் அறிவர். ஞாயிற்றின் ஒளியையே அது வாங்கிக் காட்டுகின்றது. உயிரும் தானே விளங்கும் ஆற்றலுடைத்தன்று. ஐம்பொறிகள் உயிரால் அறியுமாறு போல உயிர் இறைவனால் அறியும் என்பது சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்துப் பொருள். மதி சடம், உயிர் சித்து. ஆதலின் இவ்வுவமை ஒருபுடையே ஒக்கும். ஒத்த அவ்வொருபுடையே நமக்குப் போதியது.

இன்னுமொன்று. மதி தேய்கின்றது என்பது நம் கண் கூறும் கூற்று. கிரகணப் பொழுது நீங்கலாக, எந்நாளும் அதன் பாதி ஞாயிற்றொளி பெற்றே நிற்கின்றது என்பர் வானூலார். அமாவாசையில் அவ்வொளி பெற்ற முகம் முழுதும் ஞாயிற்றை நோக்க, இருண்ட முகம் நம்மை நோக்குகின்றது. உலகினர்க்கு ஒன்றுமில்லாததாய்த் தோன்றும் அந்நாளிலும் அது பெறும் ஒளியிற் குறைவில்லை. பிரதோஷம் இரண்டனுள் வளர்பிறையில் வருவதாயின், அந்தி வேளையில் நிறைவை நெருங்கிய மதி கீழ்வானத்தே ஏறி நிற்கும். தேய்பிறையில் வருவதாயின் அவ்வந்தியில் வானத்தே மதியைக் காணவியலாது. விடியுமுன்னரே அது மெல்லிய கீற்றாய்த் தோன்றும். அம்மாலையில் நாம் காணும் பிறை பெருமான் சடைமேற் சாத்திய வெள்ளிப் பிறை ஒன்றே. இரண்டு மாலைகளையும் ஒப்ப நோற்குமாறு நம் முன்னோர் விதித்தனர். வளர்பிறைக்கு மட்டும் நோற்பாரும் உளர். அது செல்வனை மட்டும் உறவு கொண்டாடுவது போல்வதாம்.

இனி மதிக்குப் பிறையுருவம் வந்த வரலாறு. கந்தபுராணத்துத் தக்க காண்டம் அதனை விரித்துரைக்கும். நாண்மீன்களாகிய இருபத்தெழுவரைத் தக்கன் மதிக்கு மணஞ்செய்து கொடுத்தான். மதியோ அனைவரிடத்தும் ஒப்ப அன்பு செலுத்தாது ஒருதலைப்பட்டு நின்றான். புறக்கணிக்கப்பட்ட மகளிர் தந்தையிடம் முறையிட, நாள்தோறும் கலை குறைந்து தேய்க எனத் தக்கன் சபித்தான். கலைகள் ஒவ்வொன்றாய் அழிந்து ஒன்றே எஞ்சியபொழுது மதி சிவபெருமானை அடைக்கலம் புகுந்தான். பெருமான் அவ்வொரு கலையை எடுத்துத் தம் முடிமேற் சூடியருளினார்.

இக்கதையை அறியாத சைவர் இலர். ஆயினும் இதன் முடிவை யாம் பலகாலம் கருதாமலே கேட்டுவந்தோம். பெருமான் தக்கன் சாபத்தை முற்றும் மாற்றினாரல்லர். மாற்ற வல்லராயிருந்தும் மாற்றவில்லை. மதி இன்றும் தேய்கின்றது. தேய்ந்தது மீண்டும் வளர்கின்றது. சாபத்தின்படி ஒழியாது தேய்ந்து இல்லையாதற்குரியது, முடிமேல் இடம் பெற்றமையால் அழியாதாயிற்று. அடைக்கலம் புகுந்தபின் தேய்தல் நின்றிலது, அழிதல் நின்றது.

சித்தாந்த நூல்கள் வினையைப் பற்றிக் கூறுவதும் இதுவே. தீக்கையாற் சஞ்சிதம் கெடும். ஆகாமியம் ஞானத்தால் ஏறாதொழியும். பிராரத்தமோ உடல் உள்ளளவும் நின்று துய்ப்பாற் கழியும். அடியார்க்கு நோய் வந்தது, இழவு வந்தது, வறுமை வந்தது என்று புராணங்கள் மறையாது கூறுகின்றன. அப்பர் பெருமான் சூலையால் துடித்தார், நீற்றறையிலும் இடப்பெற்றார்.

ஈண்டு ஒன்று கூறாது செல்லல் ஆகாது. மகவிழந்தார் முன்னின்று, "இஃது உன் வினை" என நாவசைப்பார் உளர். அவர் சித்தாந்தங் கற்றவராயின் கல்லாதாரினுங் கொடியர். வினை அவ்வவ்வுயிர்க்கு உரியது. ஓருயிரின் வாழ்நாள் அவ்வுயிரின் வினைக்கேற்பக் கருவிலேயே வரையறுக்கப்பட்டு வருவது என்பது சிவஞானசித்தியார் கருத்து. எனவே மகனாருடைய ஆயுள் மகனார்க்கு உரியது. அது தந்தையார் நோன்பின் குறைக்கு இட்ட தண்டமன்று. தந்தையார் பட்டினியால் நீட்டக்கூடியதும் அன்று. எம் அன்பர் தலைமேல் ஏற்றிக்கொண்ட பழி அவருடையதன்று என்பதை அவர்க்கு யாம் முன்னரே சொல்லியிருத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் நோன்பு செய்வது யாது? நாவலர் பெருமான் இரண்டாம் சைவவினாவிடையில் விரதத்திற்கு இலக்கணம் கூறுமிடத்து, மனம் பொறிகளின் வழியே ஓடாது நிற்றலையே அதன் நோக்கமாக வைத்தார். உணவை நிறுத்தலும் குறைத்தலும் அதற்குத் துணை, வழிபாடே முதல். ஆதலின் மருத்துவர் விதித்தபடி வேளைதோறும் மருந்தும் உணவும் கொள்ளவேண்டிய நோயாளர் பிரதோஷத்தன்று பட்டினி கிடந்து மயங்கி வீழ்வது விரதமாகாது. அவர் சிறிது உண்டு கோயிலுக்கு வருக. பௌர்ணமியில் திருவண்ணாமலையை வலம்வருவார் 14 கிலோமீட்டர் தொலைவும் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடப்பதும் விரதமாகாது. ஆயினும் நடவாதிருத்தலினும் நன்று.

உயிர் தான் சார்ந்ததன் தன்மையை எய்துவது. மாதம் இருமுறை அதனைப் பிற சார்பினின்றும் பிரித்து இறைவன்பால் திருப்பி நிறுத்துவதே பிரதோஷம். மதியை அளவாகக் கொண்டது ஏன் என்னும் எம் முதல் வினாவிற்கும் இதனையே விடையாகக் கொள்கின்றோம். வளர்தலும் தேய்தலும் நம் கண்முன் மாதந்தோறும் நிகழ்வதற்கு மதியன்றி வேறு சான்றில்லை. ஞாயிறு என்றும் நிறைந்தே தோன்றும். அதனை நோக்கித் தேயும் உயிர் தன்னைத் தேற்றிக்கொள்ளல் அரிது.

திருவையாற்றின் அண்மையில் திங்களூர் என்னும் பதியுள்ளது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலுக்குச் சந்திரதோஷம் நீங்கும்பொருட்டுச் செல்வார் இக்காலத்து மிகப் பலர். அஃது அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர் என்பதை நினைந்து செல்வார் எத்துணையரோ! அப்பர் பெருமானுக்கு அமுதூட்ட வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனை அரவு தீண்டியது. அவன் இலையைத் தாய் கையிற் கொடுத்து வீழ்ந்தான். பெற்றோர் உடலை மறைத்துவைத்து விருந்தினரை அமுதுசெய்ய அழைத்தனர். பின்னர் நாவரசர் உண்மையறிந்து பதிகம் பாட மகன் உயிர்பெற்றான்.

இதனை எம் அன்பரிடம் கூறியபோது, "அவர் மகன் எழுந்தான் ஐயா, என் மகன் எழவில்லையே" என்றார். அச்சொல்லுக்கு எதிர்சொல் இல்லை, யாமும் கூறிற்றிலேம். ஒன்று மட்டும் அவரை நினைக்க வேண்டினோம். உடலை மறைத்த அந்நேரத்தில் மகன் எழுவான் என அப்பூதியார் அறியார். எழுவான் என்று கருதி அவர் இலை இட்டாரல்லர். எழுந்த மகனைக் கண்டபோதும் அவர்கள் மகிழவில்லை, நாவரசர் அமுதுசெய்தற்கு இடையூறு நேர்ந்ததே என்று வருந்தினர் எனச் சேக்கிழார் கூறுகின்றார். அத்துணை உறுதி நமக்கு வாராது. வரவேண்டும் என்று யாம் அவரைக் கேட்கவுமில்லை. பண்டமாற்றாகச் செய்யாத ஒரு தொண்டு உலகில் உண்டு என்று காட்டுதற்கே அவ்வரலாற்றைக் கூறினோம். விரதத்தை வைப்பதோ விடுவதோ அவர் விருப்பமென்றும், விட்டாலும் அவரை இறைவன் விடான் என்றும் சொல்லி அனுப்பினோம்.

அடுத்த தேய்பிறைப் பிரதோஷத்தன்று அவர் பாற்செம்புடன் வந்திருந்தார். நந்திதேவர்க்கு அபிடேகம் முடிந்து, சோமசூத்திர வலமும் முடிந்து, அருச்சனைத் தட்டைக் குருக்களிடம் நீட்டியபொழுது அவர் கை நின்றது. குருக்களும் பழைய வழக்கத்தால், "பெயர், நட்சத்திரம்?" என்று கேட்டுவிட்டு, உடனே நினைவுவரத் தலை குனிந்தார். ஒருவர் பிறக்குங்கால் மதி எந்நாண்மீனில் நின்றதோ அதுவே அவர் நட்சத்திரம். 12 ஆண்டுகளாக அச்சந்நிதியில் ஒலித்த அப்பெயர் அன்று ஒலிக்க இடமில்லை. அன்பர் சிறிதுபொழுது விளக்கையே நோக்கி நின்றார்.

"சுவாமி பெயருக்கே செய்யுங்கள்" என்றார்.

திருச்சிற்றம்பலம்