மேசைக்கு இந்தப் பக்கம்

மாணவர் விவகாரப் பிரிவில் பதினாறு வருடம் உட்கார்ந்தவளுக்கு அதிலேயே மாஸ்டர்ஸ் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். சம்பளம் கூடும் என்று சொல்லிவைத்தேன். உண்மையான பதில் எனக்கே தெரியாது. சனிக்கிழமை விடியலில் சுங்கை பட்டாணியிலிருந்து வகுப்புக்குக் காரோட்டிப் போகையில் ஜெராய் மலை தெரியும். கூடவே வீட்டில் ஊறவைத்துவிட்டு வந்த துணியும் ஞாபகத்துக்கு வரும்.

முதல் பருவத்துக் கோட்பாடுகள் மனதில் ஒட்டவில்லை. பெரும்பாலும் அமெரிக்க விடுதி மாணவர்களை வைத்து எழுதியவை. நம் பிள்ளைகளுக்கு அறைத்தோழனோடு சண்டை வருமுன்பே மோட்டார் தவணை வந்துவிடுகிறது.

அடுத்த பருவத்தில், உங்கள் மேசை எப்படி வந்தது என்று எழுதிவரச் சொன்னார் விரிவுரையாளர். தேடப்போனால் பாலிங் என்ற ஊரில் போய் நின்றது. 1974இல் ரப்பர் விலை விழுந்து, நவம்பரில் அங்கே சிறுதோட்டக்காரர்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள், பசி என்று தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காக டிசம்பர் 3ஆம் தேதி கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கைது. இன்றைய பிரதமர் அன்வார் இப்ராகிமும் அந்தப் போராட்டத்தில் உள்ளே போனவர்தான். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தை 1975இல் இறுக்கினார்கள். மாணவர் சங்கங்களின் பணமும் அதிகாரமும் கைமாறின. இன்று எல்லாரும் எச்.இ.பி. என்கிற மாணவர் விவகாரப் பிரிவு வலுத்தது அப்போதுதான். எங்களுடையது தனியார் கல்லூரி, சட்டம் வேறு. ஆனால் மேசை அதே அச்சில் வார்த்தது. ஆறுதல் சொல்லப் போட்ட நாற்காலி என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன்.

1974இல் அம்மா கோலக்கெட்டில் பக்கம் பால்வெட்டு. கேட்டேன்.

"பாலிங்கா? அது அவங்க பிரச்சனைன்னு கங்காணி சொன்னாரு. எங்களுக்கு அரிசி பத்தல. ரெண்டு வேளை மரவள்ளிக் கிழங்கு."

சொல்லும்போதே வலது கட்டைவிரல் நகத்தை இடது கை சுரண்டிக்கொண்டிருந்தது. ஒட்டுப்பால் உரித்த நகம். ஓரம் இன்னும் கறுப்பு. அவர் உரித்த பாலின் விலைக்கும் நான் குத்தும் முத்திரைக்கும் உள்ள சொந்தம் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாமல் ஐம்பது வருடம் போயிருக்கிறது.

போன மாதம் ஒரு பையன் விலகல் பாரத்தோடு வந்தான். காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் இடம். எல்லாரையும்போல 'சொந்தப் பிரச்சனை' என்று எழுதியிருந்தான். முன்பென்றால் உடனே முத்திரை விழுந்திருக்கும்.

"அப்பா என்ன செய்றாரு?"

"செம்பனை, மிஸ். குலை வெட்டுவாரு. முதுகுல ஆபரேஷன் ஆயிருக்கு."

உட்காரச் சொன்னேன். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். பின்பக்கம் முழுக்க எழுதினான், இருபது நிமிடம். ஆனாலும் அவன் விலகிவிட்டான். என் மாஸ்டர்ஸால் அதை நிறுத்த முடியவில்லை. அந்தத் தாளைக் கோப்பில் போடும்போது, எழுதிய பக்கம் மேலே தெரியும்படி வைத்தேன்.