பரமதத்தை எடுத்துரைக்கும் முறை

ஒரு சமயத்தார் பிறிதொரு சமயத்தாரோடு உரையாடுங்கால் அவர்தம் நம்பிக்கையை மதித்தல் வேண்டும் என்பதனை மறுப்பார் இலர். ஆயின், மதித்தலாவது யாது? மாறுபாட்டை மறைத்து 'எல்லாம் ஒன்றே' என முகமன் கூறுதலா? பிழையெனத் தான் துணிந்ததனைப் பிழையென்னாது வாளா இருத்தலா? இவ்விரண்டும் எதிராளியை அறிவுடையானாகக் கருதாமையின் பாற்படும். கிறித்தவரும் பௌத்தரும் எதிர்ப்பட்ட இரண்டு வரலாறுகள் ஈண்டு நோக்கத்தக்கன.

1873-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26, 28-ஆம் நாட்களில் இலங்கைப் பாணந்துறையிலே பல்லாயிரவர் முன்னிலையில் ஒரு வாதம் நிகழ்ந்தது. பௌத்தர் சார்பில் மிகெட்டுவத்தை குணானந்த தேரரும், கிறித்தவர் சார்பில் வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வாவும் சிறிமானே என்னும் உபதேசியாரும் பேசினர். ஆன்மா என்பதொன்று இல்லையாயின் வினைப்பயனை நுகர்வான் யாவன் என்பது கிறித்தவர் வினா. இவ்வினா சைவர்க்குப் புதிதன்று. தேரரோ விவிலியக் கடவுள் எரிச்சலுள்ளவர் எனப்படுதலை எடுத்து எள்ளினார். கூட்டம் 'சாது' என முழங்கிற்று. இரு திறத்தாரும் மற்றவர் நூலைக் கற்றவரே. ஆயினும் கற்றது குற்றங்காணும் பொருட்டேயாயிற்று.

தேரரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் அரசுப் பதவி பெறுதற்கு ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. ஆங்கிலர் நாளிலும் பாடசாலைகள் பெரும்பாலும் பாதிரிமார் கையிலிருந்தன. ஒருவன் கழுத்தில் கைவைத்துக்கொண்டு, 'நீ இனிது பேசுக' என்றல் எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு ஒன்றரை நூற்றாண்டின் முன்னர், 1716-இல், இப்போலித்தோ தேசிதேரி என்னும் இத்தாலிய இயேசு சபைத் துறவி திபேத்தின் லாசா நகரை அடைந்தார். அவருக்கு அங்கே படைவலியுமில்லை, பதவியுமில்லை. அரசனாகிய லாசாங் கான், வாதிடுமுன் திபேத்திய நூல்களைக் கற்குமாறு அவரை ஏவினான். சேரா மடத்துப் பௌத்தத் துறவிகள் அவருக்கு உறையுள் அளித்துத் தம் நூல்களையும் திறந்துவிட்டனர். அவர்தம் வழிபாட்டையும் தடுத்திலர். சூனியம் என்பதனை 'ஒன்றுமின்மை' என எளிதிற்கொண்டு எள்ளிப்போகாது, சார்பிற்றோன்றும் பொருள்கட்குத் தமக்கெனத் தனித்த இயல்பின்மையே அஃது என்பதனை உணர அவர் பன்னாள் உழைத்தார். பின்னர்த் திபேத்திய மொழியிலேயே, அந்நாட்டார் வாதமுறையிலேயே, சூனியத்தையும் மறுபிறப்பையும் மறுத்து எழுதினார். 1721-இல் அந்நாட்டை நீங்குங்காறும் தம் கொள்கையினின்று அவர் எள்ளளவும் பிறழ்ந்திலர். மதிப்பென்பது இதுவன்றோ? மறுக்கப்படுவோன் கேட்டு 'ஆம், எம் கொள்கை இதுவே' என்னுமாறு முதற்கண் உரைத்து, அதன் பின்னரே மறுத்தல்.

அருணந்தி சிவாசாரியரும் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் சௌத்திராந்திகன் மதத்தை முதலிற் கூறி அதன்மேற் கண்டித்தார். கண்டனமே கூடாதென்பார்க்கு அந்நூல் கசக்கும். அவர் கசப்பிற்கு யாது செய்வது! ஆயின், அதனை ஓதும் சைவர் நினைவிற்கொள்ளற்பாலது ஒன்றுண்டு. சௌத்திராந்திகர் இன்று தனிச் சங்கமாக யாண்டும் இலர். இலங்கையிலுள்ள பௌத்தர் தேரவாதிகள். அவர்தம் பாலி நூல்கள் வேறு, உரைமரபும் வேறு. பரபக்கம் ஒன்றனையே கைக்கொண்டு அவரோடு வாதிடப் புகுவார், எதிரே நிற்பாரை விடுத்து, ஆங்கு இல்லாத ஒருவரோடு பேசுவாராவர்.