ஆறாத புண்ணும் முன்வினையும்

கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குச் சற்று மேலே தோல் கறுத்துத் தடித்துப்போய், ஏதோவொரு சிராய்ப்பில் வாய் திறக்கும் புண்ணிலிருந்து மாதக்கணக்கில் நீர் வடிந்துகொண்டிருக்கும். நாற்றத்துக்கு அஞ்சி அந்தப் புண் உள்ளவர் பந்தியில் உட்காரமாட்டார். முன்வினை என்று அவர் காதுபடவே பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு முன் காலைப் பார்க்க வேண்டும். ரத்தம் மேலேறுவதற்குச் சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகளாக வால்வுகள் உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்கையில் கணுக்கால் சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 80, 90 மி.மீ. பாதரசம்; நல்ல காலில் நடந்தால் 30க்கும் கீழே இறங்கும். வால்வு பழுதானால் இறங்காது, தோல் நாளடைவில் சிதைகிறது. களிம்பு களிம்பாக மாற்றியும் ஆறாத புண், அழுத்தக் கட்டுப் போட்டதும் பலருக்கு ஆறத் தொடங்குவது இதனால்தான். (தமனி ஓட்டம் சரியாக உள்ளதா என்று பார்த்த பிறகே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டே காலைக் கெடுக்கும்.)

பக்கத்தில் நின்று வேலை செய்தவருக்கு வராதது இவருக்கு மட்டும் ஏன் வந்தது, இதற்கு வினையை விட்டால் வேறு விடை உண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பரம்பரை, உடல் எடை, பிரசவங்கள், முன்பு காலில் உறைந்த ரத்தம் என்று மருத்துவம் பாதி விடைதான் தரும். மீதியை நிரப்பும் உரிமை அக்கம்பக்கத்தாருக்கு எப்படி வந்தது? படும் துன்பமெல்லாம் பழவினைதானா என்று மோலியசீவகன் என்ற துறவி கேட்டபோது, புத்தர் பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என எட்டுக் காரணங்களை அடுக்கி, அவற்றில் ஒன்றாகவே வினையை வைத்தார். எல்லாம் பழவினையே என்பவர்கள் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூல் சொல்வது இது. வினையை முழுதாக நம்பிய சைவமும் நோயாளியைக் கைவிடவில்லை. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தில் வாடியபோது சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகத்தான் பெரியபுராணம் சொல்கிறது.

வினை என்று எண்ணினால் மனம் அமைதி அடைகிறதே என்பார்கள். நோயாளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது ஆறுதல். அடுத்தவர் சொன்னால் தீர்ப்பு. பொறுமையும் இந்த நோய்க்கு வேண்டியதுதான்: ஆறிய புண் திரும்ப வரும், அழுத்தக் காலுறையைப் பல வருடம் தினமும் போட வேண்டும். அந்தப் பொறுமையைச் சிகிச்சையில் காட்டுவதே சரி. மேலும், செயலுக்குப் பயன் உண்டு என்பதே வினைக் கொள்கை என்றால், துணிக்கடைப் பெண்ணை நாள் முழுக்க நிற்க வைப்பதும் ஒரு செயல்தான். அவள் கால் வீக்கத்தை முற்பிறவிக் கணக்கில் எழுதினால் இந்தச் செயல் மறைந்துபோகிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. அந்த இருக்கையில் அவளை உட்கார விடுகிறார்களா என்று கேட்பது வினையை நம்புகிறவரின் வேலையும்தான்.