இருப்பும் வெளிநிற்றலும்

எக்ஸிஸ்டென்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லை 'இருப்பு' என்று எழுதிப் பழகிவிட்டோம். வங்கி குமாஸ்தாவான எனக்கு இது சற்று உறுத்துகிறது. கணக்கின் கடைசிப் பத்தியில் வருவதும் இருப்புதான்: வரவில் செலவு போக மிஞ்சியது.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீனில் இருக்கிறது. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'சிஸ்தெரெ' என்றால் நிற்றல், நிற்கச் செய்தல். சேர்ந்தால், வெளியே வந்து நிற்றல், தோன்றுதல். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் புழக்கத்தில் தன் அசைவை இழந்தது. கல்லுக்கும் எக்ஸிஸ்டென்ஸ் உண்டு, கடன் பாக்கிக்கும் உண்டு. கீர்க்கேகார்ட் அதை மனிதனுக்கென்று ஒதுக்கினார். 1947இல் வெளியான மனிதநேயம் பற்றிய கடிதத்தில் ஹைடெக்கர் சொல்லை இரண்டாகப் பிளந்து எழுதி, மறந்துபோன 'வெளியே'யை மீட்டார். 1945இல் பாரிஸ் சொற்பொழிவில் சார்த்ர், இருப்பு சாரத்துக்கு முந்தியது என்றபோது அவர் சொன்னதும் ஓய்ந்து கிடப்பதை அல்ல.

நம் 'இரு'வில் தங்குதல், அமர்தல், காத்திருத்தல் எல்லாம் உண்டு. வெளியே வருதல் இல்லை. இருத்தலியலை நாம் அறைக்குள் முடங்கியவனின் சலிப்பாகவே படித்ததற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணமோ என்று சந்தேகப்படுகிறேன். சந்தேகம்தான். வேர்ச்சொல் எதையும் நிரூபிப்பதில்லை. 'உண்மை'யின் வேர் 'உள்' என்பதால் உள்ளதெல்லாம் உண்மையாகிவிடாது. ஆனால் பழைய பொருள் ஒரு கேள்வியை எழுப்புகிறது: வெளியே வந்து நிற்பவன் யார் முன்னால் நிற்கிறான்?

பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடிருப்பதற்கு ஆண்டுதோறும் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் தர வேண்டும். இன்று அதைக் கணினி வழியாகவும் தரலாம்; நேரில் வருகிறவர்களும் உண்டு. அப்படி வந்த ஒரு முதியவர் கவுண்டரில் படிவத்தை நீட்டினார். நான் நிமிராமலே முத்திரை குத்தினேன். "மூஞ்சியவே பாக்கலியே சார், வந்தது நான்தான்னு எப்படித் தெரியும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். படியேறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

அவருடைய கணக்கில் இருப்பு சரியாக இருந்தது. அவர் வந்து நின்றதுதான் என் பிரக்ஞையில் ஏறவில்லை.

தத்துவவாதிகள் நிற்பவனின் சுதந்திரத்தைப் பற்றி, பொறுப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சார்த்ர் பார்வையைப் பற்றியும் விரிவாக எழுதினார். அது பெரும்பாலும் மற்றவனைப் பொருளாக்கி ஒடுக்கும் பார்வை. அன்று கவுண்டரில் நடந்த தவறு வேறு. நான் பார்க்கவேயில்லை. ஒருவன் வெளியே வந்து நிற்பது அவன் பாடு என்றால், நிமிர்ந்து பார்ப்பது எதிரே உட்கார்ந்திருப்பவன் பாடு. லத்தீன் வேரிலும் இது இல்லை, நம் 'இருப்பி'லும் இல்லை. எந்தச் சொல் சரியான மொழிபெயர்ப்பு என்பது எனக்கு இப்போது இரண்டாவது கேள்வியாகிவிட்டது.