அண்டை வீட்டாரின் தொல்லையும் தண்டனையின் அளவும்

திருடன் சிறைக்குச் சென்றால், பொருளை இழந்தவர் அவன் முகத்தில் மறுபடி விழிக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டுக்காரர் மீதான வழக்கோ வேறு விதமானது. தீர்ப்பு எதுவானாலும் இருவரும் அதே தெருவுக்குத்தான் திரும்பி வருகிறார்கள். நடுவே நிற்பதும் அதே சுவர்தான். இவ்விதக் குற்றத்திற்கு எவ்வளவு தண்டனை நியாயமாகும் என்பதனைச் சற்றுச் சிந்திப்போம்.

நம் நாட்டில் அண்டை வீட்டுத் தொல்லை என்று தனியாக ஒரு குற்றம் இல்லை. 1860-ம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனைத் துண்டு துண்டாகவே பார்க்கிறது. பொது இடத்தில் பிறர் மனம் நோக ஆபாசமாக ஏசினால் 3 மாதம் வரை சிறை (பிரிவு 296). மிரட்டினால் 2 ஆண்டு வரை. கொன்றுவிடுவேன் என மிரட்டினால் 7 ஆண்டு வரை (பிரிவு 351). ஆனால் துன்பப்படுபவர் அனுபவிப்பது துண்டுகளை அல்லவே! காலையில் வாசலில் குப்பை, மாலையில் வசைமொழி, நள்ளிரவில் கதவில் கல் என்று ஆண்டுக்கணக்கில் நீளும் வேதனை அது. வழக்கு மன்றத்தில் அது ஒரு நாளின் ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது.

அதற்குச் சிறு அபராதம் மட்டும் விதித்தால், வசதியுள்ளவன் அதனைத் தொல்லை கொடுப்பதற்கான வாடகை போலக் கட்டிவிட்டுப் போவான். நெடுங்காலச் சிறை விதித்தாலோ, அவன் பிள்ளைகள் பசியோடு பகையையும் சேர்த்துக் கொண்டு வளர்வார்கள். ஆகவே பாதிக்கப்பட்டவர் தம் வீட்டில் அச்சமின்றி உறங்க முடிகிறதா என்பதே சரியான அளவுகோலாகும்.

அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து தம் அண்டை வீட்டுக்காரரைப் பற்றி முறையிட்டார். பொறுமை காக்கச் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மூன்று முறை அவர் திரும்பி வரவே, வீட்டுச் சாமான்களைத் தெருவில் எடுத்துப் போடுமாறு கூறினார்கள். வழிப்போக்கர்கள் காரணத்தைக் கேட்டறிந்து, தொல்லை கொடுத்தவரைச் சபித்தனர். உடனே அவர் வந்து, இனித் தொல்லை தருவதில்லை என்று உறுதி கூறி, வீடு திரும்புமாறு வேண்டினார். சாட்டையோ சிறையோ இன்றியே தொல்லை நிற்க வழி பிறந்தது.

இதற்கு ஒப்பான வழி இன்றைய சட்டத்திலும் உண்டு. அமைதியைக் குலைப்பவரிடம் நிர்வாக நடுவர் ஓராண்டு வரை பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம். 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, தகுந்த வழக்குகளில் குற்றவாளியை 3 ஆண்டு வரை நன்னடத்தைப் பிணையில் விடலாம். வாக்கு மீறினால் பழைய குற்றத்திற்கே தண்டனை காத்திருக்கும். உயிருக்கு அஞ்ச வேண்டிய நிலை வந்துவிட்டால் மட்டும் சிறை தவிர்க்க முடியாததாகும்.

இங்கே ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மிரட்டல் போன்ற சில குற்றங்களில் ராஜியாகிப் போகச் சட்டம் இடமளிக்கிறது. எனினும் ராஜிக்கு இசைய வேண்டியவர் பாதிக்கப்பட்டவரே. மன்னிப்பது அவருடைய ஹக்கு. ஆண் துணையில்லாத விதவையை அழைத்து, "பொறுத்துப் போம்மா" என்று கையெழுத்து வாங்குவது சமாதானமாகாது. அண்ணலார் முதலில் பொறுமையைத்தான் போதித்தார்கள். ஆனால் அதோடு நிறுத்திக் கொள்ளவில்லை என்பதனை மறக்கலாகாது. அவ்வாறே, சொந்தப் பகை தீர்க்கப் பொய்ப் புகார் கொடுத்து அண்டை வீட்டாரை அலைக்கழிப்பதும் அநீதியே.

நீதிபதியின் தீர்ப்பு வழக்கை முடித்து வைக்கும். சுவருக்கு அப்பால் இருப்பவர் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவாரா என்பது நம் நாவிலும் கையிலும்தான் இருக்கிறது. தொழுகையும் நோன்பும் நிறைந்த வீட்டிலும் இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும்.